டாலிலின் நீராவி ரயில்: போகுமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடலோரத்தில் டவின் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து மலைப் பள்ளத்தாக்குக்குள் ஏழே கால் மைல் போய்த் திரும்புகிற குறுகிய பாதை நீராவி ரயில்தான் டாலிலின் ரயில். நாங்கள் இருப்பது பர்மிங்காமில். ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களை அங்கே அழைத்துப் போவதும், தானாகப் போகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வழி சொல்வதும் எனக்கு வழக்கமாகிவிட்டது. ஆட்கள் மாறுகிறார்களே தவிர கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, பதிலையும் எழுதி வைத்துவிட்டேன்.

முதல்ல இது என்ன ரயில்? சுற்றுலாவுக்காகக் கட்டினதா?

இல்லை. கல் ஏற்றக் கட்டியது. பள்ளத்தாக்கின் மேல்முனையில் பிரின் எக்லுயிஸ் என்ற ஸ்லேட் குவாரி இருந்தது. கூரை வேய்வதற்கான ஸ்லேட்டை அங்கிருந்து கீழே கொண்டுவர வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்றுபோக, மான்செஸ்டரில் மில் வைத்திருந்த மெக்கானல் குடும்பம் வேறு தொழிலில் பணத்தைப் போடலாம் என்று இந்தக் குவாரிக்கு வந்தது. ரயிலுக்கான சட்டம் 1865-இல் நிறைவேறியது. அடுத்த வருடமே வண்டி ஓடத் தொடங்கியது. கல்லோடு கல்லாக ஊர்க்காரர்களும் ஏறிப் போனார்கள்.

வடமேற்கு வேல்ஸின் ஸ்லேட் நிலப்பரப்பை யுனெஸ்கோ 2021-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, இந்தக் குவாரியும் ரயிலும் அதில் இடம்பெற்றன.

குறுகிய பாதைன்னா எவ்வளவு குறுகல்?

இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 686 மில்லிமீட்டர். நம் ஊர் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், பாதிகூட வராது. பெட்டிகளும் அதற்கேற்ற அளவுதான். எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் முட்டிக்கு முட்டி தட்டும். மலையை வளைந்து போகவும், செலவைக் குறைக்கவும் இந்த அளவு வசதி.

வேல்ஸுக்குத் தனி விசா எடுக்கணுமா?

வேண்டாம். இங்கிலாந்துக்கு எடுக்கிற அதே பிரிட்டன் விசா போதும். எல்லையில் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. பெயர்ப் பலகைகள் இரண்டு மொழியில் வர ஆரம்பித்தால் வேல்ஸ் வந்துவிட்டது என்று பொருள்.

லண்டன்லேர்ந்து கார் இல்லாம போக முடியுமா? ஒரே நாள்ல திரும்பிடலாமா?

கார் இல்லாமல் தாராளமாகப் போகலாம். லண்டன் யூஸ்டனிலிருந்து பர்மிங்காம் வந்து, அங்கே ஷ்ரூஸ்பரி வழியாக வேல்ஸ் கடலோரம் போகும் வண்டியில் மாற வேண்டும். மொத்தம் சுமார் ஐந்து மணி நேரம். டவின் ஸ்டேஷனில் இறங்கி ஐந்தாறு நிமிடம் நடந்தால் டாலிலின் ரயிலின் வார்ஃப் ஸ்டேஷன் வந்துவிடும்.

ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். அந்த வண்டி மக்கன்லெத் ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஆபரிஸ்ட்வித் போகும். இன்னொரு பாதிதான் கடலோரமாக டவின் வழியே புல்ஹெலி போகும். ஏறும்போதே எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று பலகையைப் பாருங்கள். தூங்கிவிட்டு ஆபரிஸ்ட்வித்தில் கண்விழித்தவர்களை எனக்குத் தெரியும்.

லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முயலாதீர்கள். கடலோரப் பாதையில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டிதான்; ஒன்றை விட்டால் திட்டமே போச்சு. டவினிலோ மக்கன்லெத்திலோ ஒரு ராத்திரி தங்குங்கள். பர்மிங்காமிலிருந்து என்றால் காலையில் கிளம்பி இரவு திரும்பலாம், ஆனால் நாள் முழுவதும் ரயிலிலேயே போய்விடும்.

எந்த மாசம் போகலாம்? டிசம்பர் லீவுல ஓடுமா?

ஈஸ்டரை ஒட்டித் தொடங்கி அக்டோபர் கடைசி வரை முறையான சேவை உண்டு. அதிலும் தினமும் ஓடும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது; சீசனின் இரு முனைகளிலும் வாரத்தில் சில நாட்கள் விட்டுவிடுவார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓடுவது குழந்தைகளுக்கான சிறப்பு வண்டிகள். அந்த வருடத்துக் கால அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும்.

என் ஓட்டு மே கடைசி அல்லது செப்டம்பருக்கு. பள்ளி விடுமுறைக் கூட்டம் இருக்காது, பச்சையும் குறைவில்லை. ஆகஸ்டில் போகிறவர்கள் 'ரேஸ் தி டிரெய்ன்' நடக்கும் நாளைக் கவனித்துக்கொள்ளுங்கள். வயல், சேறு, மேடு எல்லாம் தாண்டி ஓட்டக்காரர்கள் இந்த ரயிலோடு போட்டி போட்டு, கடைசிக்கு முந்தைய ஸ்டேஷனான அபர்கினோல்வின் வரை ஓடித் திரும்புவார்கள். பார்க்க அருமை. தங்க அறை கிடைப்பது மட்டும் கஷ்டம்.

மழை எந்த மாதத்திலும் வரும். குடையைவிடத் தலைமூடி வைத்த ஜாக்கெட் நல்லது; கடற்காற்றில் குடை நிற்காது.

ஏழு மைல்தானே? ஒரு மணி நேரத்துல பார்த்து முடிச்சிடலாமா?

மேலே போகவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதிகபட்ச வேகம் மணிக்கு 15 மைல் அளவுதான். போய், எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டி, திரும்பும் வழியில் அபர்கினோல்வினில் டீ குடிக்க நிறுத்தி, கீழே வந்து சேர இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். வார்ஃப் ஸ்டேஷனிலேயே குறுகிய பாதை ரயில்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கு இன்னொரு மணி நேரம்.

அவசரப்படுகிறவர்கள் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள். இந்த ரயிலில் பார்க்க வேண்டியதெல்லாம் அது நிற்கும்போதுதான் நடக்கிறது. ஒற்றைப் பாதை என்பதால் பிரின்கிளாஸ் போன்ற இடங்களில் எதிர் வண்டிக்காகக் காத்திருக்கும். டிரைவர், கடந்து வந்த பகுதிக்கான அனுமதி அடையாளமான டோக்கனைக் கொடுத்து அடுத்த பகுதிக்கான டோக்கனை வாங்கிக்கொள்வார். நம் ஊர் சின்ன ஸ்டேஷன்களில் ஒரு காலத்தில் நடந்த அதே சங்கதி, இங்கே கைக்கெட்டும் தூரத்தில். வழியில் வரும் டோல்கோக் ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். எஞ்சினில் கரி போடும் ஃபயர்மேன் தொட்டிமேல் ஏறி நின்று குழாயைத் திருப்பிவிட்டு, நிரம்பி வழிகிறதா என்று குனிந்து பார்ப்பதை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம்.

எந்தப் பக்கம் உட்கார்ந்தா நல்லா தெரியும்?

மேலே போகும்போது இடப் பக்கம். பாதை பள்ளத்தாக்கின் தெற்குச் சரிவில் ஒட்டிக்கொண்டு போகிறது. வலப் பக்கம் மலைச்சரிவும் மரமும், இடப் பக்கம் கீழே ஆற்றுவெளியும், கல்வேலி போட்ட வயல்களும், ஆடுகளும்.

எஞ்சின் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மேலே போகும்போது முன்பெட்டியில் ஏறுங்கள். எஞ்சினின் புகைபோக்கி மலையைப் பார்த்து இருக்கும். திரும்பும்போது அது பின்பக்கமாகவே ஓடி வரும். ஏற்றத்தில்தான் அதன் மூச்சு நன்றாகக் கேட்கும். இறக்கத்தில் பெரும்பாலும் சும்மா உருண்டு வருவதுதான்.

பெட்டிக்கு ஒரு பக்கம்தான் கதவு திறக்குது. இன்னொரு பக்கம் பழுதா?

பழுதில்லை, இது 1866-லிருந்து இருக்கிற ஏற்பாடு. எனக்கு இந்த ரயிலில் ரொம்பப் பிடித்த விஷயமும் இதுதான். பயணிகளை ஏற்ற அனுமதிக்கும் முன் அரசு ஆய்வாளர் கேப்டன் டைலர் வந்து அளந்து பார்த்தார். பாதைக்கு மேலே செல்லும் பாலங்களின் அடியில், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி இடைவெளிகூட இல்லை. பாலத்துக்கு அடியில் வண்டி நின்றுபோய்க் கதவு திறந்தால் மனிதன் இறங்க முடியாது. விதிப்படி அனுமதி கிடைக்காது.

பாலங்களை இடித்துக் கட்டக் காசு யாரிடம் இருக்கிறது? கண்டுபிடித்த வழி இது: ஒரு பக்கத்துக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிடுவது, பாலத்தடியில் தண்டவாளத்தை நடுவிலிருந்து ஒரு பக்கமாக நகர்த்திப் போட்டு, கதவுள்ள பக்கம் ஆள் இறங்கும் அளவுக்கு இடம் விடுவது. அதனால்தான் எல்லா பிளாட்ஃபாரங்களும் ஒரே பக்கம். பாலத்தடியில் போகும்போது கவனித்துப் பாருங்கள், தண்டவாளம் நடுவில் இருக்காது.

ஜன்னல்ல தலையை நீட்டி வீடியோ எடுக்கலாமா?

மேலே சொன்ன பதிலைப் படித்தபின்னுமா? அடைத்த பக்கம் பாலச்சுவர் ரொம்ப நெருக்கத்தில் வரும். மறுபக்கமும் மரக்கிளைகள் உண்டு. இவை போதாதென்று கரித்தூள் கண்ணில் விழும். கண்ணாடி போடாதவர்கள் பாதி வழியில் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் இருப்பார்கள். படம் வேண்டுமானால் டோல்கோக்கில் இறங்கிக்கொள்ளுங்கள்.

டோல்கோக்ல இறங்கினா என்ன இருக்கு?

அருவிகள். ஸ்டேஷனுக்கு முன்னால் ரயில் ஒரு செங்கல் பாலத்தைக் கடக்கும். மூன்று வளைவு, 51 அடி உயரம். இறங்கி நடைபாதை வழியே வந்தால் அந்தப் பாலத்தின் அடியில் நிற்கலாம், தலைக்கு மேலே அடுத்த ரயில் போகும். அங்கிருந்து ஓடையை ஒட்டி மேலே ஏற ஏற அடுத்தடுத்து அருவிகள். கீழ் அருவி வரை பெரிய சிரமமில்லை. அதற்கு மேல் படியும் ஈரப்பாறையும், செருப்போடு போகாதீர்கள்.

இறங்குமுன் உங்களை ஏற்றிக்கொள்ளும் அடுத்த வண்டி எப்போது என்று கார்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி வண்டியை விட்டால் அந்தப் பள்ளத்தாக்கில் ஆட்டோ கிடைக்காது.

கடைசி ஸ்டேஷன்ல கார் கொண்டு வந்து காத்திருக்கச் சொல்லலாமா?

முடியாது. கடைசி ஸ்டேஷனான நாண்ட் குவெர்னோலுக்குச் சாலையே இல்லை. ரயிலில் வரலாம், இல்லையென்றால் நடந்து வரலாம். அபர்கினோல்வினிலிருந்து அங்கே வரை முன்பு கல் வண்டிகள் மட்டுமே போன முக்கால் மைல் துண்டு. அதைப் பயணிகளுக்குத் திறந்தது 1976-இல்தான். பிளாட்ஃபாரத்திலிருந்து பார்த்தால், குவாரியிலிருந்து கல் வண்டிகளைக் கம்பிக்கயிற்றில் இறக்கிய சரிவுப்பாதையின் அடி தெரியும். அங்கிருந்து காட்டு வழியாக அபர்கினோல்வின் கிராமத்துக்கு இறங்கும் நடைபாதை நன்றாக இருக்கும். கார் காத்திருக்க வேண்டுமென்றால் அபர்கினோல்வினில் நிறுத்தச் சொல்லுங்கள்.

ரயில் பேரே டாலிலின். ஏரி எங்கே?

ரயிலிலிருந்து தெரியாது. டாலிலின் ஏரி, பாதை முடியும் இடத்துக்கும் அப்பால் சில மைல் தள்ளி, காடர் இட்ரிஸ் மலையின் காலடியில் இருக்கிறது. ரயில் ஒருநாளும் அங்கே போனதில்லை. கார் இருந்தால் போய்ப் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

வார்ஃபிலும் அபர்கினோல்வினிலும் டீக்கடை உண்டு. சூப், சாண்ட்விச், கேக் வகைகள். முட்டை கூடாது என்பவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். வெல்ஷ் கேக் என்பது கல்லில் சுட்ட திராட்சை பிஸ்கட் போல இருக்கும், முட்டை சேரும். பழைய முறையில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்கள். வெல்ஷ் ரேர்பிட் என்று எழுதியிருப்பதில் முயல் கிடையாது, ரொட்டிமேல் சீஸ்தான். ஆனால் அதில் சேர்க்கும் வூஸ்டர் சாஸில் நெத்திலி மீன் உண்டு. இதை யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் புளியோதரை கட்டிக்கொண்டுதான் போவோம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. டாய்லெட்டும் வேணும். சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். ரயிலில் டாய்லெட் கிடையாது; வார்ஃபில் போய்விட்டு ஏறுங்கள், அபர்கினோல்வினிலும் உண்டு. பெட்டிக்குள் ஏற ஒரு படி, உள்ளே இடம் குறைவு. சக்கர நாற்காலி என்றால் அதற்கான பெட்டியை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அருவி வேண்டாம், ரயிலிலேயே போய்த் திரும்பினால் போதும்.

பையன் தாமஸ் எஞ்சின் பைத்தியம். அங்கே இருக்குமா?

குழந்தைக் கதைகளில் வரும் நீல நிறத் தாமஸ் எஞ்சின் இருக்காது. ஆனால் உறவு நிஜமானது. தாமஸ் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி, 1952-இல் இங்கே கார்டாகத் தொண்டு செய்தவர். அந்தக் கதைகளில் வரும் ஸ்கார்லோயி ரயில், டாலிலினைப் பார்த்து எழுதியதுதான். ஸ்கார்லோயி என்பது இங்கே முதல் எண் எஞ்சின் 'டாலிலின்', ரேனியாஸ் என்பது இரண்டாம் எண் 'டோல்கோக்', பீட்டர் சாம் என்பது நான்காம் எண் 'எட்வர்ட் தாமஸ்'. அருங்காட்சியகத்தில் ஆட்ரியின் எழுத்து அறையை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள்.

'உலகத்திலேயே முதல்' னு போர்டு போட்டிருக்காங்களே, எதுல முதல்?

தன்னார்வலர்கள் கையிலெடுத்துக் காப்பாற்றி ஓட்டிய ரயில்களில் முதல். குவாரியையும் ரயிலையும் 1911-இல் வாங்கியவர் உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ். 1946 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குவாரி சரிந்து விழுந்து மூடப்பட்டது. கல் இல்லை, வருமானம் இல்லை. ஆனாலும் தான் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று அவர் ஓட்டினார். 1948-இல் பிரிட்டிஷ் ரயில்களை அரசுடைமை ஆக்கியபோது இதைப் பட்டியலில் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள். சேர்த்திருந்தால் அப்போதே மூடியிருப்பார்கள்.

1950 ஜூலையில் ஜோன்ஸ் இறந்தார். அந்த அக்டோபரில் எழுத்தாளர் டாம் ரோல்ட்டும் நண்பர்களும் பர்மிங்காமில் கூட்டம் போட்டு ஒரு சங்கம் அமைத்தார்கள். 1951 மே 14 அன்று சங்கத்தின் முதல் வண்டி ஓடியது. தண்டவாளம் புல்லுக்குள் கிடந்தது, கட்டைகள் உளுத்திருந்தன, ஓடக்கூடிய எஞ்சின் என்று 'டோல்கோக்' ஒன்றே இருந்தது. பக்கத்தில் மூடப்பட்ட காரிஸ் ரயிலும் இதே 686 மில்லிமீட்டர் பாதை. அதன் இரண்டு எஞ்சின்களைத் தலா 25 பவுண்டுக்கு வாங்கினார்கள்; அவைதான் இன்றைய மூன்றாம், நான்காம் எண்கள். பாதையின் அளவு வேறாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எஞ்சின் 1864-ல செஞ்சதுங்கிறாங்க. நிஜமாவே அதே எஞ்சினா?

'டாலிலின்' 1864, 'டோல்கோக்' 1866. இரண்டும் வைட்ஹேவனில் ஃபிளெட்சர் ஜென்னிங்ஸ் கம்பெனி செய்தவை. இரண்டும் 1950-களில் தொடங்கிப் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டவை. பாய்லர் முதல் பல பாகங்கள் மாறிவிட்டன. நூற்றைம்பது வருடம் வேலை செய்யும் எஞ்சினுக்கு அது சகஜம். மாற்றாமல் வைத்தால் அருங்காட்சியகத்தில்தான் நிற்கும். ஏழாம் எண் 'டாம் ரோல்ட்' வேறு வகை: அயர்லாந்தில் பீட் என்ற கரிமண் எரித்து ஓடிய எஞ்சின் ஒன்றின் பாகங்களை வைத்து, இந்த ரயிலின் பெண்ட்ரே பணிமனையிலேயே செய்து 1991-இல் ஓட விட்டார்கள்.

பழமையைக் காண வேண்டுமானால் எஞ்சினைவிடப் பெட்டிகளைப் பாருங்கள். தொடக்க காலத்து நாலு சக்கரப் பெட்டிகளும் பிரேக் வேனும் அப்படியே இருக்கின்றன. அந்த வேனின் பக்கச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். வழி ஸ்டேஷன்களில் ஆள் வைக்காமல், கார்டே அதன் வழியாக டிக்கெட் கொடுத்தார்.

ஊட்டி ரயில் பார்த்தாச்சு. இதுலயும் பல் சக்கரம் உண்டா?

கிடையாது, இங்கே அவ்வளவு செங்குத்து இல்லை. வேல்ஸில் அந்த வகை வேண்டுமென்றால் ஸ்னோடன் மலை ரயில். நீலகிரியில் இருக்கிற அதே ஆப்ட் முறைப் பல்சட்டம்தான் அங்கேயும், 1896-இல் திறந்தது.

ஒரு ரயிலுக்குத்தான் நேரம் இருக்கு. இதுவா, ஃபெஸ்டினியோகா?

மலை, காட்சி, பிரம்மாண்டம் என்றால் ஃபெஸ்டினியோக். பதின்மூன்றரை மைல், இரண்டு பக்கமும் புகைபோக்கி வைத்த ஃபேர்லி எஞ்சின், ஓரிடத்தில் பாதையே தன்னைத்தானே சுற்றி மேலேறும். டவினிலிருந்து அதே கடலோர வண்டியில் வடக்கே போனால் போர்த்மடோக்கில் ஏறலாம். சின்ன ரயில், பேசக் கிடைக்கும் ஆட்கள், எஞ்சின் பக்கத்திலேயே போய் நிற்கும் சுதந்திரம் இவை வேண்டுமென்றால் டாலிலின். நான் டாலிலின் கட்சி. குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

இந்தக் காலத்துல பொழுதுபோக்குக்கு நிலக்கரி எரிக்கறது சரியா?

நியாயமான கேள்வி. அவர்களுக்கே இது தலைவலிதான். தெற்கு வேல்ஸின் ஃபோஸ்-ய்-ஃப்ரான் சுரங்கம் 2023-இல் மூடியபின், நீராவி எஞ்சினுக்கு ஏற்ற உள்ளூர்க் கரி கிடைப்பது நின்றுபோனது. பல பாரம்பரிய ரயில்கள் வெளிநாட்டுக் கரிக்கும், அச்சில் வார்த்த கரி உருண்டைகளுக்கும் போய்விட்டன. எரிவதும் புகைவதும் வேறு மாதிரி என்பதால் ஃபயர்மேன்கள் புதிதாகக் கைப்பழக்கம் செய்ய வேண்டியிருக்கிறது. லண்டனுக்கு விமானத்தில் வந்துவிட்டு இந்தக் கரியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை.

அங்கே வேலை செய்யறவங்க எல்லாம் சம்பளம் வாங்காதவங்களா? நாமளும் சேரலாமா?

சம்பளத்துக்குச் சிலர் உண்டு. மற்றபடி டிக்கெட் கிழிப்பதிலிருந்து எஞ்சின் ஓட்டுவது வரை தன்னார்வலர்கள்தான். டிரைவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், வாரநாளில் அவர் வாத்தியாராகவோ கணக்கராகவோ இருப்பார். நேராக எஞ்சினில் ஏறிவிட முடியாது. முதலில் கிளீனர்: விடியற்காலையில் வந்து சாம்பல் அள்ளுவது, பித்தளை துடைப்பது. அப்புறம் ஃபயர்மேன். பல வருடம் கழித்து டிரைவர்.

பிரிட்டனில் வசிப்பவர்கள் சங்கத்தில் உறுப்பினராகிச் சேரலாம். சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கும் கதவு முழுதாக அடைக்கவில்லை: பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு 30 நாள் வரை சம்பளமில்லாமல் தொண்டு செய்ய அந்த விசா இடம் கொடுக்கிறது. வருவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். எஞ்சின்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பாதையோரச் செடி வெட்டவும் வேலி கட்டவும் எப்போதும் ஆள் தேவைப்படுகிறது.